வாடகைக் காரில் ஐரோப்பா: எல்லை வீதியில் இல்லை, கையிலிருக்கும் ஆவணத்தில் இருக்கிறது

"பரிஸிலை காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் ஜேர்மனி. அங்கையிருந்து சுவிஸ் நாலு மணித்தியாலம்." புலம்பெயர்ந்த உறவினர்கள் தொலைபேசியில் இப்படிச் சொல்லும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்வருவதைப் போலத்தான் கேட்கும். தூரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் காரில் யார் யார் ஏறலாம், யார் ஓட்டலாம், எந்த எல்லையை யார் கடக்கலாம் என்பவை தூரத்தோடு சம்பந்தப்படாத கேள்விகள். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் உறவுகளைப் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கேள்விகளை வழக்கமாகக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்கவேண்டியவை அவைதான்.

கடந்த சில மாதங்களாக நான் அம்மாவுக்காக இப்படியொரு பயணத்தைத் திட்டமிட்டு வருகிறேன். அம்மாவோடு பிறந்தவர்கள் நால்வர். பெரிய மாமா பரிஸில் இருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். பெரியம்மா ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரத்தில் அகதி அந்தஸ்தோடு வாழ்கிறார். சின்னம்மா சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் நிரந்தர வதிவிட அனுமதியோடு இருக்கிறார். கடைசி மாமா போர் முடிந்த பிறகு போனவர். அவரும் சுவிஸில்தான், ஆனால் தற்காலிக அனுமதியோடு. ஐவரும் ஒரே கூரையின் கீழ் கடைசியாக இருந்தது 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்கு முதல். நால்வரின் கையிலும் இன்று இருப்பவை நான்கு விதமான அட்டைகள்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டுமான நிலைமை அல்ல. வடக்கு, கிழக்கில் பல வீடுகளின் கதை இதுதான். ஆகவே எங்கள் பயணத்தையே உதாரணமாக வைத்து, எல்லை கடக்கும் வாடகைக் கார்ப் பயணம் ஒன்றை எந்த ஒழுங்கில் திட்டமிடவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஷெங்கன் என்பது என்ன?

ஷெங்கன் என்பது லக்சம்பேர்க் நாட்டில், மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய கிராமம். லக்சம்பேர்க், பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் அங்கே சந்திக்கின்றன. 1985 ஜூன் 14ஆம் திகதி, அந்த ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், பிரான்ஸ், அன்றைய மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகள் தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதென்று கையெழுத்திட்டன. நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில்.

இன்று இந்த வலயத்தில் 29 நாடுகள் இருக்கின்றன. சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. பிரித்தானியா இரண்டிலும் இல்லை.

சோதனை நீங்கியதென்றால் எவரும் எங்கேயும் போகலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு எல்லையிலும் நிறுத்திப் பார்க்கும் வழக்கம்தான் நீங்கியது. கடக்கும் உரிமை இருக்கவேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. அந்த வழக்கம்கூட இப்போது பல இடங்களில் திரும்பி வந்துவிட்டது. பிரான்ஸ் 2015 நவம்பரிலிருந்து தன் எல்லைகளில் தற்காலிகச் சோதனைகளைத் தொடர்ந்து நீடித்து வருகிறது. ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16 முதல் தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் தொடங்கியது. எல்லா வாகனங்களையும் மறிப்பதில்லை. பாலத்தைக் கடந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, பொலிஸார் பார்த்து, சிலவற்றை மட்டும் ஓரங்கட்டுவார்கள். ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் இங்கே ஓரங்கட்டப்படும் காரில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் ஆவணத்தைக் காட்டவேண்டும். ஒருவருடைய கடவுச்சீட்டு மற்றவரைக் காப்பாற்றாது.

முதல் வேலை: காரில் ஏறப்போகிறவர்களின் அட்டைகளைப் பார்ப்பது

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னர் ஒரு கொப்பியில் பயணிகளின் பெயரை எழுதி, பக்கத்தில் அவரவர் ஆவணத்தையும் அது காலாவதியாகும் திகதியையும் எழுதுங்கள். பாதையை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

ஐரோப்பியக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் "நான் பிரெஞ்சுக்காரன்தானே" என்று அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

ஷெங்கன் நாடொன்றின் செல்லுபடியான வதிவிட அனுமதியும் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டும் உள்ளவர்கள், 180 நாட்களில் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். இரண்டும் கையில் இருக்கவேண்டும். வதிவிட அட்டை மட்டும் போதாது. இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியாகி, தூதரகத்துக்குப் போக மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கும் உறவினர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 28ஆவது உறுப்புரையின்படி பயண ஆவணம் வழங்கப்படுகிறது. பெரியம்மாவிடம் இருப்பது அந்த நீலப் புத்தகம்தான். அதனோடு வதிவிட அனுமதியும் இருந்தால் ஷெங்கனுக்குள் 90 நாள் விதிப்படி பயணிக்கலாம். அந்தப் புத்தகத்தோடு அவரால் வரமுடியாத நாடு இலங்கை. வந்தால் அகதி அந்தஸ்தையே இழக்க நேரலாம். அதனால்தான் அம்மா அவரிடம் போகவேண்டியிருக்கிறது.

சுவிஸில் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களுக்குரிய 'எப்' அனுமதி வேறு வகை. அதை வைத்திருப்பவர்கள் நாட்டைவிட்டு வெளியே போவதென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். அதுவும் வரையறுக்கப்பட்ட காரணங்களுக்குத்தான் கிடைக்கும். புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாமல் 'என்' அனுமதியோடு இருப்பவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் இதே கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப்படும் தற்காலிகப் பத்திரங்களும் எல்லை கடக்கும் உரிமையைத் தருவதில்லை.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ஆபத்தான முடிவுகளை எடுக்கின்றன. "ஒருத்தரும் மறிக்கமாட்டினம், ஒருநாள் தானே" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போவது நடக்கிறது. பிடிபட்டால் அவருடைய புகலிட வழக்கில் அது பதிவாகலாம். திருப்பி அனுப்பப்படலாம். வாகனத்தை ஓட்டியவரும் தப்பமாட்டார். உரிமையில்லாத ஒருவரை எல்லை கடந்து ஏற்றிச்செல்வது ஐரோப்பிய நாடுகளில் குற்றமாகக் கருதப்படுகிறது. உறவினர்தான், காசு வாங்கவில்லை என்ற விளக்கம் விசாரணையிலிருந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்கமுடியாது. பல வருடங்கள் காத்திருந்து பெற்ற அனுமதி ஒரு வார இறுதிப் பயணத்தில் பாழாகலாம்.

ஆகவே நான் எடுத்த முடிவு எளிமையானது. காரில் வரவேண்டியவர்களில் யாருடைய ஆவணம் பலவீனமானதோ, அவர் இருக்கும் இடத்துக்கே மற்றவர்கள் போகவேண்டும். எல்லோரும் பரிஸில் கூடுவோம் என்று பெரிய மாமா ஆசைப்பட்டார். கடைசி மாமாவால் சுவிஸை விட்டு வெளியே வரமுடியாது. எனவே ஐவரும் கூடும் இடம் பேர்ன்.

இரண்டாவது: இலங்கையிலிருந்து போகிறவரின் விசா

கூடும் இடம் பேர்ன் என்று முடிவானதும் விசா விண்ணப்பம் எங்கே என்பதும் மாறிவிட்டது. ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. நாங்கள் பரிஸில் இறங்கினாலும், மூன்று வாரம் தங்கப்போவது சுவிஸில். ஆகவே கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்துக்கே எங்கள் விண்ணப்பம் போகவேண்டும். விமானம் பரிஸில் இறங்குகிறது என்பதற்காகப் பிரெஞ்சு விசாவுக்குப் போவது பலர் செய்வது. விண்ணப்பத்தில் உள்ள நாட்களும் பயணத் திட்டமும் பொருந்தாவிட்டால் மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்னரிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னர் விண்ணப்பித்திருக்கவேண்டும். முடிவு தர 15 நாட்கள் என்பது பொது விதி. சில வேளைகளில் அதை 45 நாட்கள் வரை நீடிப்பார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும், ஷெங்கன் முழுவதும் செல்லுபடியாகும் பயணக் காப்புறுதியும் கட்டாயம்.

உறவினர் வீட்டில் தங்குவதென்றால் நாட்டுக்கு நாடு வேறு வேறு கடிதங்கள் கேட்பார்கள். பிரான்ஸில் உறவினர் தன் நகரசபைக்குப் போய் வரவேற்புச் சான்றிதழ் எடுக்கவேண்டும். ஜேர்மனியில், செலவைப் பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரத்தை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். இவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே உறவினர்தான் முதலில் ஓடித் திரியவேண்டியவர்.

விசா கிடைக்குமுன் காருக்கு முழுக்காசையும் கட்டாதீர்கள். கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய முன்பதிவு போதும். அதேவேளை, உண்மையில் போகாத இடங்களைப் பயணத் திட்டத்தில் அலங்காரத்துக்குச் சேர்க்கவும் வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொல்லவேண்டியிருக்கும். 2025 ஒக்ரோபரிலிருந்து ஷெங்கனின் வெளி எல்லைகளில் கைவிரல் அடையாளமும் முகப் படமும் எடுத்து, நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. 90 நாளைத் தாண்டி ஒருநாள் தங்கினாலும் அது தானாகவே தெரியவரும்.

மூன்றாவது: யார் பெயரில் கார்?

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எளிதான பதில் ஒன்று இருந்தது: "நீதான் ஓடத் தெரிஞ்சனி, நீயே எடு." நடைமுறை வேறு. வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரதான சாரதியின் பெயரிலேயே உள்ள கடனட்டையைக் கேட்கின்றன. வங்கி டெபிற் அட்டையைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஒருவர் பெயரில் ஒப்பந்தம், இன்னொருவர் அட்டையில் காசு என்பதும் பொதுவாகச் சரிவராது. பிணைப்பணமாக ஒரு தொகையை அந்த அட்டையில் முடக்கி வைப்பார்கள். அது ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். இலங்கை அட்டையில் அவ்வளவு எல்லை இருக்கவேண்டும். ரூபாயில் மாறி முடங்கி, பிறகு வேறு மாற்று விகிதத்தில் விடுபடும்போது சிறு நட்டமும் வரலாம்.

ஆகவே பரிஸில் பெரிய மாமா தன் பெயரிலும் தன் அட்டையிலும் காரை எடுப்பார். நான் மேலதிக சாரதியாகப் பதிவுசெய்யப்படுவேன். இதற்கு நாளொன்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கவேண்டாம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்புறுதிப் பாதுகாப்பு கையை விட்டுப் போய்விடும். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மேலும் ஒரு கட்டணம் விதிப்பது வழக்கம்.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச சாரதி அனுமதியையும் எடுத்துச் செல்லவேண்டும். கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோன் அதை வழங்குகிறது. அது அசலின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் இல்லாமல் அதற்குப் பெறுமதி இல்லை. இந்த வசதி சுற்றுலா வருபவர்களுக்குத்தான். அங்கே குடியேறியவர்கள் இலங்கை அனுமதிப்பத்திரத்தில் காலம் முழுவதும் ஓட்டமுடியாது. ஜேர்மனியில் 6 மாதம், சுவிஸில் 12 மாதம் என்று வரம்பு இருக்கிறது. புதிதாகப் போன தம்பிமார் "என்னட்டையும் லைசென்ஸ் இருக்கு" என்று சொன்னால் எந்த நாட்டு அனுமதிப்பத்திரம் என்று கேளுங்கள்.

நான்காவது: ஒப்பந்தத்தில் தேடவேண்டிய வரிகள்

வாடகைக் காரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கு நிறுவனத்தின் அனுமதி தேவை. மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கிடையில் அது பொதுவாகக் கிடைக்கும். சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். கிழக்கு ஐரோப்பாவுக்கு விலை உயர்ந்த வகைக் கார்களைப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. போகப்போகும் நாடுகள் அனைத்தையும் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, ஒப்பந்தத்தில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காரை ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால், அதை எவராவது திருப்பி ஓட்டி வரவேண்டும். அந்தச் செலவை உங்களிடம்தான் அறவிடுவார்கள். சில வேளை அது வாடகையையே மிஞ்சும். அதனால் எங்கள் பாதையை வட்டமாக வரைந்தேன். பரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் ஊடாக ஸ்ருட்காட், அங்கே பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு பேர்ன், திரும்பும்போது அவரை ஸ்ருட்காட்டில் இறக்கிவிட்டு, ஷெங்கன் கிராமத்தின் வழியாகப் பரிஸ். மொத்தம் சுமார் 2,000 கிலோமீற்றர். வாடகையில் கிலோமீற்றர் வரம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாம் நபர் காப்புறுதி சட்டப்படி வாடகைக்குள் அடங்கும். காருக்கு ஏற்படும் சேதத்தில் முதல் ஒரு பகுதி உங்கள் தலையில்தான். கண்ணாடி, டயர், காரின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பாதுகாப்பு வாங்குவதென்றால் அது அங்கு போகும் எல்லா நாடுகளிலும் செல்லுமா என்று கேளுங்கள். காரை எடுக்கும்போது நாற்புறமும், எண்ணெய் அளவையும், ஓடிய தூரத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே.

அளவையும் யோசிக்கவேண்டும். எங்கள் காரில் மாமா, மாமி, அம்மா, பெரியம்மா, நான் என ஐந்து பெரியவர்கள். சின்னக் காரில் ஐந்து பேர் ஏறினால் பெட்டிகள் ஏறாது. ஏழு இருக்கை வாகனத்தில் ஏழு இருக்கையையும் விரித்தால் பின்னால் இடமே இருக்காது. பின்பக்கம் நீண்ட 'ஸ்டேஷன் வகன்' வகைதான் எங்களுக்குப் பொருந்தும். ஓட்டோ கியர் தேவையென்றால் முன்பதிவில் குறிப்பாகத் தெரிவு செய்யவேண்டும். அங்கே மலிவான வாடகைக் கார்களில் பல கிளச் உள்ளவை.

சுவிஸ் எல்லை: ஆளுக்கும் சோதனை, பொருளுக்கும் சோதனை

சுவிஸ் ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஆகவே எல்லையில் சுங்கப் பகுதியினர் இன்றும் இருக்கிறார்கள். இதில் இரண்டு விடயங்கள் எங்கள் குடும்பங்களுக்கு முக்கியமானவை.

முதலாவது, காரே ஒரு சுங்கப் பொருள். சுவிஸில் வசிப்பவர் வெளிநாட்டுப் பதிவுள்ள வாடகைக் காரைச் சுவிஸுக்குள் ஓட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் சுவிஸ் பதிவுள்ள காரை ஒன்றியத்துக்குள் ஓட்டுவதற்கும் அவ்வாறே. பேர்னில் சின்னம்மாவின் மகன் "அக்கா, நீங்கள் களைச்சுப்போனியள், நான் ஓடுறன்" என்று சாவியைக் கேட்டால் கொடுக்கக்கூடாது. காரை எடுக்கும்போதே ஒவ்வொரு சாரதியும் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதைச் சொல்லவேண்டும்.

பாசல் விமான நிலையத்தில் கார் எடுக்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அந்த விமான நிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில். அதற்கு பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு வாசல்கள். எந்தப் பக்கத்து நிறுவனத்தில் எடுக்கிறீர்களோ அந்த நாட்டுக் கார்தான் கிடைக்கும். வாடகையும் விதிகளும் அதற்கேற்ப மாறும்.

இரண்டாவது, சாப்பாட்டுச் சாமான். இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோகமுடியாது. 2019 டிசெம்பரிலிருந்து, அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், துரியன் என்ற ஐந்தைத் தவிர மற்றைய பழங்கள், மரக்கறிகளுக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே சான்றிதழ் இல்லாத முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விமான நிலையத்திலேயே பறிபோகலாம். வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் அந்த வகையில் வராது. பரிஸ் லா சப்பல் கடைத்தெருவில் வாங்கிச் சுவிஸுக்குக் கொண்டுபோவதற்கும் அளவு உண்டு: இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ. பொருட்களின் மொத்தப் பெறுமதி ஆளுக்கு 150 சுவிஸ் பிராங்கைத் தாண்டினால் வரி. 2025 ஜனவரிக்கு முன்னர் இது 300 ஆக இருந்தது. பழைய கணக்கில் சேலைகளும் பலகாரமும் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

வீதியும் அதற்கான காசும்

பிரான்ஸில் ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். பரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரை சுமார் 490 கிலோமீற்றர், கட்டணம் சுமார் 40 யூரோ. ஜேர்மனியில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. சுவிஸில் 'வின்யெட்' என்ற ஆண்டு ஒட்டி வேண்டும், விலை 40 பிராங். ஒருநாள் ஓடினாலும் அதே விலைதான். 2023 ஓகஸ்டிலிருந்து காரின் இலக்கத்தகட்டைப் பதிந்து இணையத்திலும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம். பிரெஞ்சுக் காரில் அது இருக்காது. ஒஸ்ரியாவுக்கும் போவதென்றால் அங்கு வேறு ஒட்டி.

வேக வரம்பு பிரான்ஸ் நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. சுவிஸில் 120. ஜேர்மனியில் வரம்பு குறிக்கப்படாத பகுதிகளில் 130 என்பது பரிந்துரை மட்டுமே. அங்கே இடது பக்க ஒழுங்கை முந்துவதற்கு மட்டும். பின்னால் வருகிறவர் நினைப்பதைவிட வேகமாக வருவார். பரிஸ் நகருக்குள் பெரும்பாலான வீதிகளில் 30. நகரைச் சுற்றும் வட்டப்பாதையில் 2024 ஒக்ரோபரிலிருந்து 50. கமராவில் அகப்பட்டால் தண்டப் பத்திரம் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் விபரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கொரு கட்டணத்தையும் அட்டையில் எடுத்துக்கொள்வார்கள்.

வாகனங்கள் வலது பக்கத்தால் ஓடுவது எங்களுக்குப் பெரிய மாற்றம். நெடுஞ்சாலையில் அது சிக்கலில்லை. ஆளில்லாத சந்தியில் திரும்பும்போதும், எண்ணெய் அடித்துவிட்டு வெளியேறும்போதும்தான் பழைய பழக்கம் கையைத் திருப்பும். பலகை இல்லாத சந்திகளில் வலப்பக்கத்தால் வருபவருக்கு முன்னுரிமை. சிறிய தெருவிலிருந்து வந்தாலும் அவருக்குத்தான். ஜேர்மனியிலும் சுவிஸிலும் நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கியதுமே, இடது ஒழுங்கையில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்சுக்கு வழி விடவேண்டும். சத்தம் கேட்ட பிறகல்ல. விமானத்தால் இறங்கிய அன்று ஓட்டவேண்டாம். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவசர இலக்கம் எல்லா இடமும் 112.

முதியவர்களோடு போகும்போது கூகுள் சொல்லும் நேரத்தை நம்பித் திட்டமிடமுடியாது. பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை நிறுத்தவேண்டும். ஸ்ருட்காட்டிலிருந்து பேர்ன் சுமார் 350 கிலோமீற்றர். அதை ஒரு முழுநாளாகவே கணக்கில் எடுத்திருக்கிறேன்.

லண்டனைச் சேர்க்கலாமா?

கட்டாயம் வரும் கேள்வி இது. ஷெங்கன் விசா பிரித்தானியாவுக்குச் செல்லாது. அதற்குத் தனி விசா வேண்டும். ஒருதடவை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு லண்டன் போனால் திரும்பிப் பரிஸுக்குள் வரமுடியாது. அகதிப் பயண ஆவணம் உள்ளவர்களும் பிரித்தானியாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும். வாடகைக் காரைக் கடல் கடந்து கொண்டுபோகப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. விட்டாலும் அங்கே இடது பக்கத்தால் ஓடவேண்டும், ஸ்டியரிங்கும் மாறிய பக்கத்தில் இருக்கும். விசா இருப்பவர்கள் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பரிஸிலிருந்து ரயிலில் போவது நல்லது.

எதை முதலில் செய்வது?

ஒழுங்கு இதுதான்: ஆட்களின் ஆவணம், கூடும் இடம், தங்கும் நாட்கள், விசா, காரை யார் எடுப்பது, ஒப்பந்தம், கடைசியாகப் பாதை. நாங்கள் வழக்கமாகப் பாதையில் தொடங்கி ஆவணத்தில் வந்து முட்டிக்கொள்கிறோம். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், முன்பதிவுக்கு முன்னர் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

திரும்பும் வழியில் ஷெங்கன் கிராமத்தில் நிறுத்துவதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே சில நிமிடங்களுக்குள் மூன்று நாடுகளைக் கடக்கலாம். அம்மாவால் விசாவோடும் பெரிய மாமாவால் அடையாள அட்டையோடும் கடக்கமுடியும். சின்னம்மா அவர்களோடு வர விரும்பினால் அவராலும் முடியும். கடைசி மாமாவால் முடியாது. வீதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே இந்த வாரம் உறவினர்களுக்கு அழைப்பெடுக்கும்போது, எப்போது வருகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முதல் அவர்களிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: உங்கள் கையில் இருப்பது எந்த அட்டை, அது எப்போது முடிகிறது? சொல்ல வெட்கப்படுகிறவர்களும் இருப்பார்கள். வருடக்கணக்கில் அங்கிருந்தும் இன்னும் தற்காலிக அனுமதியில் இருப்பதை ஊருக்குச் சொல்லாதவர்கள் பலர். மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பதில் தெரிந்தால்தான் எல்லோரும் கூடக்கூடிய இடம் எது என்று தெரியவரும்.